கிரீன் கார்டு வரும்வரை வேலை மாறக் கூடாதா? திருநெல்வேலித் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் எச்-1பி என்ற, நிறுவனம் தன் ஊழியருக்காகப் பெறும் தற்காலிக வேலை விசாவில், ஒரு கன்சல்டன்சி நிறுவனத்தின் ஊழியராக இருக்கிறார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையனை, அமெரிக்கக் குடிமகனை, மணந்து ஓராண்டு கடந்துவிட்டது. கணவர் வழியாகக் கிரீன் கார்டுக்கு, அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, விண்ணப்பித்துக் காத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் மகள் வேலை மாற வேண்டும் என்கிறார். நியூ ஜெர்சியில் இருக்கும் உங்கள் அண்ணன், கார்டு கைக்கு வரும்வரை இருக்கும் இடத்தை விட்டு அசையவே கூடாது என்கிறார். மாறித்தான் ஆக வேண்டுமென்றால் சியாட்டிலில் கிடைத்திருக்கும் பெரிய நிறுவனத்தின் வேலையைத்தான் ஏற்க வேண்டும் என்பது அண்ணியின் வாதம். மகளோ கொலம்பஸிலேயே ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில், புற்றுநோய் ஆய்வுக்கான தரவுகளைப் பகுத்தாயும் வேலையைத்தான் விரும்புகிறார். அதில் சம்பளம் குறைவு. நீங்கள் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் தூக்கம் இழந்திருக்கிறீர்கள்.

எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எழுதி முடித்துவிட்டால் உங்களுக்கு ஒரு நாள் ஆறுதல் கிடைக்கும், அவ்வளவுதான். எனவே நேராகவே சொல்கிறேன்: உங்கள் அண்ணன் தம் அனுபவத்தைச் சொல்கிறார், ஆனால் அது மகளின் நிலைக்குப் பொருந்தாது, உங்கள் அண்ணி சொல்லும் வழிதான் இந்த மூன்றில் கிரீன் கார்டுக்கு உண்மையிலேயே தொல்லை தரக்கூடியது.

அண்ணன் வந்த வழி நிறுவனம் போடும் மனு. அதில் நிறுவனம் முதலில் தொழிலாளர் துறையிடம் சான்று பெற்று, பிறகு ஊழியருக்காக ஐ-140 என்ற மனு போட்டு, அதன்பின் ஊழியர் தம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்த ஒதுக்கீட்டில் ஏறத்தாழ ஏழு விழுக்காட்டுக்கு மேல் தரப்படுவதில்லை என்பதால், இந்தியாவில் பிறந்தவர்கள் பல ஆண்டுகள் ஒரே நிறுவனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் விலகினால் பெரும்பாலும் மனுவைத் தொடக்கத்திலிருந்தே போட வேண்டியிருந்தது. அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் மகளின் விண்ணப்பம் கணவர் தம் மனைவிக்காகப் போட்ட ஐ-130 என்ற குடும்ப மனுவின் மேல் நிற்கிறது. அமெரிக்கக் குடிமக்களின் கணவன் அல்லது மனைவிக்கு ஆண்டு வரம்பும் இல்லை, நாட்டு வரம்பும் இல்லை. ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தில் மகள் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்கப்படுகிறதே தவிர, அந்த நிறுவனம் அவருக்காக எதையும் தாங்கி நிற்கவில்லை. அவர் வேலை மாறுவதால் அந்த விண்ணப்பம் செல்லாமல் போகாது.

வேலை இந்த விண்ணப்பத்தைத் தொடும் இடம் ஒன்று உண்டு. கணவர் ஐ-864 என்ற பொறுப்பேற்புப் படிவத்தில் கையெழுத்திட்டிருப்பார். குடும்ப வருமானம் அரசு வகுத்த வறுமைக்கோட்டைப் போல் 125 விழுக்காடாவது இருக்க வேண்டும். கணவரின் ஆசிரியர் சம்பளமே அதற்குப் போதும் என்றால் கவலை இல்லை. மகளின் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குக் காட்டியிருந்தால், நேர்காணலுக்குப் போகும்போது புதிய வேலையின் நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துச் செல்ல வேண்டும். இதை மகளிடம் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி சியாட்டில். திருமண வழிக் கிரீன் கார்டில் அதிகாரி முதன்மையாக உற்றுப் பார்ப்பது இதுதான்: இந்தத் திருமணம் உண்மையானதா, இருவரும் சேர்ந்து வாழ்கிறார்களா என்பது. இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, காப்பீடு ஆகியவைதான் அங்கே பேசும். கணவர் கொலம்பஸ் பள்ளியில் ஆசிரியர். ஆசிரியர் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால் அவரால் உடனே இடம்பெயர முடியாது. மகள் மட்டும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் குடியேறினால், முகவரி மாற்றத்தைப் பத்து நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கோப்பு வேறு அலுவலகத்துக்கு மாற்றப்படலாம். நேர்காணலில் ஏன் தனித்தனியாக இருக்கிறீர்கள் என்ற கேள்வி வரும். வேலைக்காகப் பிரிந்து வாழ்வது சட்டவிரோதம் அல்ல. ஆனால் இயல்பாகவே கண்ணுக்குத் தெரியும் ஓர் உண்மையைச் சான்றுகளைத் தேடித்தேடி நிறுவ வேண்டிய நிலை எதற்கு? கிரீன் கார்டு வழங்கப்படும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைந்திருக்காவிட்டால், முதலில் இரண்டு ஆண்டுகளுக்கான நிபந்தனைக் கார்டுதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களில் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனு போட்டு, கூட்டு வாழ்க்கையை மறுபடியும் காட்ட வேண்டும். பிரிந்திருந்த காலம் அப்போதும் கேள்வியாக எழும்.

வாஷிங்டன் மாநிலத்தில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி பிடிப்பதில்லை என்று அண்ணி எழுதியிருப்பது சரிதான். இரண்டு வீட்டு வாடகையையும் மாதந்தோறும் விமானச் சீட்டையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. உறவினர் நடுவே நிறுவனத்தின் பெயரைச் சொல்லும்போது கிடைக்கும் மதிப்புக்காகப் புதுமணத் தம்பதியைப் பிரித்து வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

மகள் விரும்பும் பல்கலைக்கழக வேலையைப் பற்றி உங்கள் வீட்டில் யாரும் விசாரிக்கவே இல்லை என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. அதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, எச்-1பியில் முறையாக இருக்கும் ஒருவருக்காகப் புதிய முதலாளி ஐ-129 என்ற எச்-1பி மனுவைத் தாக்கல் செய்தவுடனேயே அவர் அங்கே வேலையைத் தொடங்கலாம். ஒப்புதல் வரும்வரை காத்திருக்கக் கட்டாயம் இல்லை. பழைய நிறுவனத்தின் சம்மதமும் தேவையில்லை. மனுவுக்கு முன்னால் தொழிலாளர் துறையிடம் சம்பள நிலையை உறுதிசெய்யும் எல்.சி.ஏ. சான்று பெற வேண்டும். அதற்கு ஏழு வேலை நாட்கள் ஆகும். சட்டம் அனுமதித்தாலும், மனு ஏற்கப்பட்டதற்கான ரசீது கைக்கு வரும்முன் மகள் பழைய வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுக்கக் கூடாது. முடிந்தால் ஒப்புதல் வரும்வரையே பொறுக்கட்டும். ஏதோ காரணத்தால் வேலை முன்னதாகவே போய்விட்டால், அங்கேயே தங்கிப் புதிய வேலை தேட அதிகபட்சம் 60 நாட்கள் அவகாசம் உண்டு. ஆனால் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

பல்கலைக்கழகங்களும் அவற்றோடு முறைப்படி இணைந்த இலாப நோக்கற்ற மருத்துவமனைகளும் எச்-1பியின் ஆண்டு வரம்பான 65,000க்கும், அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கான கூடுதல் 20,000க்கும் வெளியே நிற்பவை. ஆகவே வரம்புக்குள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கல் இல்லை, ஏப்ரலில் மனு, அக்டோபரில் வேலை என்ற காலக்கணக்கும் இல்லை. ஆண்டின் எந்த மாதத்திலும் மனு போடலாம். ஒருமுறை பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் மீண்டும் தனியார் நிறுவனத்துக்கு வரக் குலுக்கலில் விழ வேண்டும் என்று உங்கள் அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மகள் ஏற்கெனவே குலுக்கலில் தேர்வாகி வந்தவர். வரம்பில் ஒருமுறை எண்ணப்பட்டவரை, ஆறு ஆண்டுக் காலத்தில் எஞ்சிய பகுதிக்கு மறுபடியும் எண்ண மாட்டார்கள். கதவு இரண்டு பக்கமும் திறந்தே இருக்கிறது. சம்பளம் குறைவுதான், ஆனால் வேலை ஒரே ஊரில், ஒரே கூரையின் கீழ், நோயாளிகளின் பதிவேடுகளைப் படித்துச் சிகிச்சை எங்கே பலன் தருகிறது என்று கண்டறியும் வேலை. கன்சல்டன்சியில் வாடிக்கையாளர் மாறும்போதெல்லாம் பணியிடம் மாறும், புதிய பணியிடத்துக்குத் திருத்த மனு போட நேரும். இங்கே அந்த அலைச்சல் இல்லை. உயிர்ப்புள்ளியியல் படித்த பெண்ணை வங்கி மென்பொருளைச் சோதிக்க வைத்திருப்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவரே தெளிவாகச் சொல்லியிருக்கும்போது அதற்கு எதிராக வாக்குக் கேட்டு உறவினர் கூட்டம் போடத் தேவையில்லை.

ஐ-485 விண்ணப்பத்தோடு கிடைக்கும் இ.ஏ.டி. வேலை அனுமதி அட்டையை வைத்தே சேர்ந்துவிடலாமே என்று மருமகன் கேட்டிருக்கிறார். சேரலாம்; எந்த முதலாளியிடமும் அது செல்லும். ஆனால் அதைக் காட்டி வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எச்-1பி நிலை விட்டுப்போகும். பிறகு விண்ணப்பம் ஏதோ காரணத்தால் நிராகரிக்கப்பட்டால் மகளுக்கு நிற்க வேறு இடம் இல்லை. இந்த அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்தால் பழைய அட்டை தானாகவே நீண்டுகொண்டிருந்த சலுகையும் 2025 அக்டோபர் 30 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதே ஆண்டு டிசம்பரிலிருந்து புதிய அட்டைகளும் அதிகபட்சம் 18 மாதங்களுக்கே தரப்படுகின்றன. ஆகவே அட்டை வரட்டும், பத்திரமாக இருக்கட்டும். வேலை எச்-1பியில் நடக்கட்டும்.

தம்பியின் கல்யாணத்துக்கு மகள் ஊருக்கு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். எச்-1பி நிலையைக் காப்பாற்றிக்கொள்வதன் இன்னொரு பயன் இது. பாஸ்போர்ட்டில் எச்-1பி விசா முத்திரை காலாவதியாகாமல் இருந்தால், பழைய நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும், புதிய நிறுவனத்தின் மனுவுக்கான ஐ-797 ஒப்புதல் அறிவிப்போடு அவர் திரும்பலாம். ஐ-485 கைவிடப்பட்டதாகக் கருதப்படாது. முத்திரை காலாவதியாகி இருந்தால், அமெரிக்கத் தூதரகத்தில் புதிய எச்-1பி முத்திரை பெற்றுத் திரும்ப வேண்டும்; அல்லது அட்வான்ஸ் பரோல் என்ற, திரும்பி வருவதற்கான அனுமதி புறப்படும் முன்பே கையில் இருக்க வேண்டும். எச்-1பியில் திரும்பும் வழியும் அந்த அனுமதியும் இரண்டுமே இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறுவது விண்ணப்பத்தையே இழப்பதற்குச் சமம். வேலை மாறும் மனு நிலுவையில் இருக்கும்போது பயணம் வேண்டவே வேண்டாம். 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட ஒரு லட்சம் டாலர் கட்டணம் அந்நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய மனுக்களைக் குறிவைத்தது. உள்ளே இருந்தபடி நிறுவனம் மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று குடிவரவுத் துறை அக்டோபரில் விளக்கியது. அந்தப் பாதுகாப்பான இடத்திலேயே மகள் இருக்கட்டும். கல்யாணத் தேதியை ஒப்புதலுக்குப் பின் வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது.

எச்-1பிக்கு மொத்தம் ஆறு ஆண்டுகள்தான். நிறுவனம் மாறினாலும் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்காது, திருமண வழி விண்ணப்பம் அதை நீட்டிக்கவும் செய்யாது. மகளுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன என்று எழுதியிருப்பதால் அவசரம் இல்லை. புதிய வேலையின் மனுவைப் பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். அவர் முதலாளிக்காக வேலை செய்பவர். குடும்ப விண்ணப்பத்துக்குத் தம்பதியர் தாங்களே ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் ஆலோசனை பெற வேண்டும். ஐ-485க்கு மட்டுமே 1,440 டாலர் கட்டியிருக்கிறார்கள். ஆலோசனைக் கட்டணத்தில் சிக்கனம் பார்ப்பது தவறு.

பணத்தைப் பற்றிக் கடைசியாக ஒன்று. ஒப்பந்தக் காலத்துக்கு முன் விலகினால் பெருந்தொகை கட்ட வேண்டும் என்று இப்போதைய நிறுவனம் மிரட்டுவதாகவும், அதற்காகப் பாளையங்கோட்டை மனையை விற்கலாமா என்று அப்பா யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விற்கக் கூடாது. முன்கூட்டியே விலகுவதற்கு எச்-1பி ஊழியரிடம் அபராதம் வசூலிக்க அமெரிக்கச் சட்டம் தடை விதிக்கிறது. உண்மையான இழப்புக்கு ஈடாக முன்பே நியாயமாகக் கணக்கிட்ட தொகையை மாநிலச் சட்டம் சில இடங்களில் அனுமதிக்கலாம். ஆனால் எச்-1பி மனுவோடு முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய 750 அல்லது 1,500 டாலர் பயிற்சிக் கட்டணத்தை எந்தப் பெயரிலும் ஊழியரிடமிருந்து திரும்பப் பெற முடியாது. அந்த ஒப்பந்தத்தை ஓஹையோவில் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் படித்துச் சொல்லும்வரை மகள் ஒரு டாலரும் அனுப்பக் கூடாது. இங்கிருந்து நீங்களும் ஒரு ரூபாய் கூட அனுப்பக் கூடாது.