கனடா மணிக்கூடு கொழும்பில் ஏன் பிந்துகிறது?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். இரவில் கைபேசியைத் தலைமாட்டில் வைக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் ரொறன்ரோவில் இருந்து வந்த மகள் ஒரு அலாரம் ரேடியோ கொண்டுவந்து தந்தாள். சிவப்பு எண் தெரியும் பழைய பாணிப் பெட்டி, நிலையத்தைக் குமிழ் திருகித்தான் பிடிக்க வேண்டும். 120 வோல்ட் என்று போட்டிருந்ததால் புறக்கோட்டையில் ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வாங்கிப் பூட்டினோம். ரேடியோ பாடுகிறது, மணிக்கூடுதான் பிந்துகிறது. இரவு 10 மணிக்கு நேரத்தைச் சரியாக வைத்து, காலை 5 மணிக்கு அலாரம் வைத்தேன். அடித்தபோது ஆறரை ஆகப்போகிறது. பேரனின் ஸ்கூல் வான் போய்விட்டது. கரண்ட் போய் வந்தால் 12:00 என்று மின்னிக்கொண்டு நிற்கிறது. சில தமிழ் நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்தும் கேட்கின்றன. ட்ரான்ஸ்போமர் பழுதா, ரேடியோ பழுதா? கடைக்காரர் வேறு ட்ரான்ஸ்போமர் வாங்கச் சொல்கிறார்.

பதில்: இரண்டும் பழுதில்லை, ரீச்சர். இன்னொரு ட்ரான்ஸ்போமருக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

வட அமெரிக்காவுக்குச் செய்த பொருள் என்றால் எல்லோரும் வோல்ட்டைத்தான் பார்ப்பார்கள். அங்கே 120, இங்கே 230. அதை உங்கள் ட்ரான்ஸ்போமர் பார்த்துக்கொள்கிறது, அதனால்தான் ரேடியோ ஒழுங்காகப் பாடுகிறது. வோல்ட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் இருக்கும்: 60 ஹேர்ட்ஸ். அங்கே மின்சாரம் வினாடிக்கு 60 தடவை துடிக்கிறது, இலங்கையில் 50 தடவை. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் எவ்வளவு விலை கூடியதாக இருந்தாலும் இந்தத் துடிப்பை மாற்றாது. 50 உள்ளே போனால் 50தான் வெளியே வரும்.

உங்களுடையது போன்ற பெட்டிகளில் பெரும்பாலும் மணிக்கூட்டுக்கென்று தனிப் படிகம் (சீராக அதிர்ந்து நேரத்தை அளக்கும் குவார்ட்ஸ் துண்டு) கிடையாது. உள்ளே இருக்கும் சிப் சுவர் மின்சாரத்தின் துடிப்பை எண்ணித்தான் நேரம் சொல்கிறது. 60 துடிப்பு வந்தால் ஒரு வினாடி போய்விட்டது என்பது அதன் கணக்கு. கொழும்பில் 60 துடிப்பு வந்து சேர 1.2 வினாடி எடுக்கும். ஆகவே உண்மையில் ஒரு மணித்தியாலம் போனால் உங்கள் மணிக்கூட்டில் 50 நிமிடம்தான் போயிருக்கும். ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் பிந்தும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். இரவு 10இலிருந்து காலை 5 வரை ஏழு மணித்தியாலம். அந்த ஏழை மணிக்கூடு எண்ணி முடிக்க 8 மணித்தியாலமும் 24 நிமிடமும் வேண்டும். அப்படியென்றால் அலாரம் அடித்தது காலை 6:24க்கு. ‘ஆறரை ஆகப்போகிறது’ என்று நீங்கள் எழுதியதும் அதுதான். இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது. ஆனாலும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். கைபேசியைப் பார்த்து நேரத்தை வையுங்கள், சரியாக ஒரு மணித்தியாலம் கழித்து வந்து பாருங்கள். பத்து நிமிடம் குறைந்திருந்தால் நான் சொன்ன காரணமேதான். ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் குறைந்திருந்தால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியிலோ பட்டரி மூடிக்குள்ளோ 50/60 என்று சின்னதாக ஒரு சுவிட்ச் இருந்தால் அதை 50க்குத் தள்ளினால் வேலை முடிந்தது. கனடா, அமெரிக்காவுக்கென்றே செய்தவற்றில் இது இருப்பது குறைவு. அங்கே ஒரே துடிப்புத்தான், சுவிட்ச் யாருக்கும் தேவைப்படாது. ஜப்பான் பொருட்களில் இருக்க வாய்ப்புக் கூட, ஏனென்றால் ஜப்பானிலேயே கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60.

வெளியே சுவிட்ச் இல்லாவிட்டாலும் கை விட வேண்டியதில்லை. இந்தச் சிவப்பு எண் பெட்டிகள் பலவற்றில் இருக்கும் சிப் இரண்டு துடிப்புக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. சான்யோவின் எல்எம் 8560 என்ற சிப் ஒரு காலத்தில் பெட்டிக்குப் பெட்டி இருந்தது. அதில் ஒரு கால் (சிப்பிலிருந்து நீட்டும் உலோக முனை), எந்தத் துடிப்பை எண்ணுவது என்று சொல்வதற்கென்றே இருக்கிறது. அந்தக் காலின் இணைப்பை மாற்றினால் 50ஐ ஒரு வினாடியாக எண்ணத் தொடங்கும். பழைய ரேடியோ திருத்திப் பழகிய ஒருவருக்கு இது பற்றவைப்புக் கோலோடு செய்யும் சின்ன வேலை. கடையில் ‘மணிக்கூடு பிந்துகிறது’ என்று மட்டும் சொன்னால் கண்டதையும் கழற்றுவார்கள். ‘60 ஹேர்ட்ஸை 50 ஆக்க வேண்டும், சிப் அதற்கு இடம் தருமா என்று பாருங்கள்’ என்று கேளுங்கள். முடியாது என்றால் கட்டாயப்படுத்தாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு வாருங்கள். நீங்களே கழற்றவும் வேண்டாம். மூடி திறந்தால் சுவர் மின்சாரம் வரும் வயர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். மாற்றிய பிறகும் ட்ரான்ஸ்போமர் தேவை என்பதை மறக்க வேண்டாம், வோல்ட் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

அதுவரைக்கும் ஒரு குறுக்கு வழி. எத்தனை மணித்தியாலம் தூங்கப் போகிறீர்களோ அதை ஆறால் வகுத்து ஐந்தால் பெருக்குங்கள். ஏழு மணித்தியாலம் என்றால் 5 மணித்தியாலம் 50 நிமிடம். இரவு 10 மணிக்கு நேரத்தைச் சரியாக வைத்து, அலாரத்தை 3:50க்கு வையுங்கள். உண்மையான ஐந்து மணிக்கு அடிக்கும். படுக்கப் போகும்போது ஒவ்வொரு நாளும் நேரத்தைத் திரும்ப வைக்க வேண்டும் என்பதுதான் தொல்லை. ஒரு கிழமைக்கு மேல் யாரும் இதைச் செய்யமாட்டார்கள்.

ட்ரான்ஸ்போமர் விஷயத்தில் ஒரு சொல். 60க்குச் செய்த பெட்டி 50இல் ஓடும்போது அதனுள் இருக்கும் குட்டி ட்ரான்ஸ்போமர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சூடாகும். நீங்கள் வாங்கியதில் 110, 120 என்று இரண்டு வெளியீடு இருந்தால் 110இல் போடுங்கள், சூடு குறையும். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் கழற்றிவிடுங்கள். பெட்டிக்கு மேலே துணி விரிப்பு, புத்தகம் எதுவும் வேண்டாம். அப்புறம், அந்த இரண்டு தட்டை முள் பிளக்கை நேரே 230இல் செருகினால் பெட்டி கருகிவிடும். நம் வீடுகளில் 13 அம்பியர் சொக்கட்டின் மேல் துளைக்குள் பேனாவை விட்டுத் திறந்து, பொருந்தாத பிளக்கைத் திணிக்கும் பழக்கம் இருக்கிறதே, இந்தப் பெட்டி விஷயத்தில் அது இரண்டு மடங்கு ஆபத்து. வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கைபேசி சார்ஜர் என்று நினைத்து மாற்றிச் செருகாமல் இருக்க, பிளக்கில் ‘120 மட்டும்’ என்று ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள்.

இனி 12:00 விவகாரம். கரண்ட் போனால் சிப்புக்கு மின்சாரமே இல்லை, அதனால் மணிக்கூடு எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. அடியில் 9 வோல்ட் பட்டரிக்கு ஒரு அறை இருக்கும், பாருங்கள். மகள் வாங்கியபோது பட்டரி கூட வந்திருக்காது. ஒன்றைப் போட்டால் கரண்ட் இல்லாத நேரத்திலும் உள்ளே கணக்கு ஓடும். எண்கள் தெரியாது, ரேடியோ பாடாது. அதைப் பார்த்துப் பட்டரி வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சில பெட்டிகள் பட்டரியிலேயே பீப் அடித்து எழுப்பும், பல எழுப்பாது. உங்களுடையது எந்த வகை என்று பகலில் பிளக்கைக் கழற்றி, இரண்டு நிமிடம் தள்ளி அலாரம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 

பட்டரியில் ஓடும்போது சிப் துடிப்பை எண்ணுவதில்லை, தன்னிடம் இருக்கும் ஒரு குத்துமதிப்பான அளவை வைத்துத்தான் ஓட்டுகிறது. சில வினாடி கரண்ட் போய் வந்தால் வித்தியாசம் தெரியாது. 2022இல் இருந்ததுபோல மணிக்கணக்காகப் போனால் பல நிமிடம் முந்தியோ பிந்தியோ நிற்கும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு கைபேசியைப் பார்த்து ஒரு தடவை சரிசெய்யத்தான் வேண்டும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் பட்டரி முனைகள் சீக்கிரம் பச்சை பிடிக்கும். வருடத்துக்கு ஒரு தடவை பட்டரியை மாற்றி, முனையைத் துடைத்துவிடுங்கள்.

தொடர்மாடி என்கிறீர்கள், கீழே ஜெனரேட்டர் இருக்கும். 50க்கு மாற்றிய பிறகு இதைக் கவனியுங்கள். சின்ன ஜெனரேட்டர்களின் துடிப்பு 50இல் அப்படியே நிற்காது. 51இல் ஓடினால் உங்கள் மணிக்கூடு மணித்தியாலத்துக்கு ஒரு நிமிடத்துக்கும் சற்று மேலாக முந்தும். இரவு முழுக்க ஜெனரேட்டர் ஓடிய அடுத்த நாள் பத்து நிமிடம் முன்னே நின்றால் பெட்டியைத் திட்டாதீர்கள். நாட்டு மின்சாரமும் 50ஐ ஒட்டிச் சற்று ஏறி இறங்கும் என்பதால், மாதம் ஒரு தடவை பார்ப்பது நல்ல பழக்கம்.

நிலையங்கள் கலப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அன்டெனா. பெட்டியின் பின்னால் வால்போல ஒரு மெல்லிய வயர் தொங்கும். வாங்கி வந்தபோது சுருட்டி முடிச்சுப் போட்டது அப்படியேதான் இருக்கும், பல வீடுகளில் இதுதான் கதை. அவிழ்த்து நீட்டி, சுவரோரமாகவோ யன்னல் பக்கமாகவோ ஒட்டிவிடுங்கள். எஃப்எம் அலைக்கு முக்கால் மீற்றர் நீளம் கிட்டத்தட்டச் சரியான அளவு, அதைச் சுருட்டி வைத்தால் பாதிப் பயன் போய்விடும். வால் வயர் இல்லாத மொடல்களில் மின்வயரே அன்டெனா. அப்படியென்றால் அதைச் சுருட்டிக் கட்டாமல் விடுங்கள். மற்றபடி, கொழும்பில் எஃப்எம் நெருக்கடி அதிகம். சக்தி, சூரியன், வசந்தம், தென்றல் என்று தமிழ் நிலையங்களே பல, அவற்றோடு சிங்கள, ஆங்கில நிலையங்களும் அடுக்கடுக்காக நிற்கின்றன. குமிழ் திருகும் மலிவு ரேடியோவுக்கு அடுத்தடுத்த இரண்டைப் பிரித்துப் பார்க்கும் திறன் குறைவு. விரும்பும் ஒன்றைப் பகலில் நுணுக்கமாகப் பிடித்துவிட்டுக் குமிழைத் தொடாமல் விடுங்கள்.

ரேடியோவால் எழும்புவதா, பீப் சத்தத்தால் எழும்புவதா? பள்ளிக்கூட நாட்களில் பீப் என்பேன். இந்தப் பெட்டிகளில் இரவு கேட்கும் சத்தமும் காலையில் எழுப்பும் சத்தமும் ஒரே குமிழில்தான். தூக்கம் வர மெதுவாக வைத்துக் கேட்டுவிட்டு அப்படியே தூங்கினால் காலையில் ரேடியோ உங்கள் காதுக்குள் மட்டும் முணுமுணுக்கும், அடுத்த அறையில் பேரனுக்குக் கேட்காது. பல பெட்டிகளில் பீப்புக்கு அந்தக் குமிழோடு சம்பந்தமில்லை. பக்திப் பாடலோடு கண்விழிக்கும் சுகத்தை சனி ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளலாம்.

திருத்துபவர் முடியாது என்று சொல்லிவிட்டால் என் யோசனை இது: பெட்டியை ரேடியோவாக வைத்துக்கொள்ளுங்கள், எண்கள் தெரியும் முகப்பை ஒரு துண்டுக் கடதாசியால் மறையுங்கள், பக்கத்தில் பென்டோர்ச் பட்டரியில் ஓடும் சாதாரண அலாரம் மணிக்கூடு ஒன்றை வையுங்கள். அதற்குள் குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது, 50ம் தெரியாது 60ம் தெரியாது, மின்வெட்டும் தெரியாது.

மகள் மாற்றித் தருகிறேன் என்றால், வாங்கும் முன் அடியில் இருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடப்டரில் உள்ளீடு 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்றும் வெளியீடு டிசி என்றும் இருந்தால் பயமில்லை. டிசி மின்சாரத்தில் துடிப்பே கிடையாது, ஆகவே அந்த மணிக்கூடு சொந்தப் படிகத்தை நம்பித்தான் ஓட வேண்டும். ட்ரான்ஸ்போமரும் தேவைப்படாது. ‘தானாகவே நேரம் வைத்துக்கொள்ளும்’ என்று விளம்பரம் செய்யும் வகைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அவற்றில் சில அமெரிக்காவின் கொலராடோவில் இருந்து வரும் நேர அலையை எதிர்பார்க்கும், அது இங்கே உதவாது. மற்றவை அங்குள்ள நேர வலயங்களை மட்டும் மனதில் வைத்திருக்கும், கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய நம்முடைய வலயம் அந்தப் பட்டியலில் இருக்காது. கோடைகால நேரத்தை நிறுத்தும் வசதியும் இல்லையென்றால் மார்ச்சில் ஒரு நாள் தானாக ஒரு மணித்தியாலம் முன்னே போய் நிற்கும். 1996க்கும் 2006க்கும் இடையில் நாடே மூன்று தடவை மணிக்கூட்டைத் திருப்பி வைத்ததை அனுபவித்தவர்களுக்கு அது போதும்.

ஜப்பானில் இருந்து யாராவது கொண்டுவருகிறார்கள் என்றால் எஃப்எம் எண்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 76இல் தொடங்கிப் பழைய பெட்டிகளில் 90உடன் முடிந்துவிடும், நம் நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே இருக்கின்றன. ஜப்பான் கார் வாங்கியவர்கள் ரேடியோவுக்குத் தனியாக அலைவரிசையை மாற்றித் தரும் ஒரு சின்னப் பெட்டி பூட்டுவது இதற்காகத்தான். எண்களை அழுத்தி நிலையம் பிடிக்கும் அமெரிக்கப் பெட்டி என்றால் 98.2, 98.4 போன்ற இரட்டை எண்களில் நிற்குமா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். சில 98.1, 98.3 என்று ஒற்றையில் மட்டும் தாவும், இரட்டையில் இருக்கும் இலங்கை நிலையத்தை அவற்றில் சரியாகப் பிடிக்க முடியாது.