பெட்டி கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

வளரும் நாடுகளில் வசதி குறைந்த பள்ளிகளுக்கு நண்பர்கள் சேர்ந்து புத்தகங்களும் எழுதுபொருள்களும் அனுப்ப விரும்புவதாகவும், எவற்றை அனுப்பினால் உண்மையிலேயே பயன்படும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த ஆண்டும் உங்களால் அனுப்ப முடியுமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பொருள்களின் பட்டியலைப் பிறகு போடலாம்.

சியரா லியோனில் அரசு வழங்கிய பாடநூல்கள் பற்றி உலக வங்கி ஆய்வாளர்கள் 2014-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். நூல்கள் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தும், அவற்றில் பெரும்பகுதி மாணவர் கைக்குப் போகாமல் இருப்பிலேயே வைக்கப்பட்டிருந்தது. அடுத்த தவணை வருமா என்று தெரியாத தலைமையாசிரியர் இருப்பதைப் பூட்டிப் பத்திரப்படுத்துகிறார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆகவே, புத்தகங்களைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், கிழிந்தாலும் தொலைந்தாலும் கணக்குக் கேட்க மாட்டோம், இன்ன மாதத்தில் மீண்டும் அனுப்புவோம் என்று பள்ளிக்கு எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது மொழி. 2019-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் கிரெமரும் அவருடைய சகாக்களும் மேற்குக் கென்யாவின் ஊரகப் பள்ளிகளில் பாடநூல் வழங்கி ஆராய்ந்தபோது, சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்களே பயனடைந்தார்கள். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அங்குள்ள பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. புரியாத நூலை ஆளுக்கொன்றாகக் கொடுத்து என்ன பயன்?

நன்கொடைப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலையில் தன்னார்வலராக இருந்திருக்கிறேன். விடைகள் முழுவதும் எழுதப்பட்ட பயிற்சி நூல்கள், எப்போதோ வழக்கொழிந்த மென்பொருளின் கையேடு, கலைக்களஞ்சியத்தின் நடுத் தொகுதி ஒன்று மட்டும் என்று வந்துகொண்டே இருக்கும். கொடுப்பவர் வீட்டு அலமாரி காலியாவதுதான் அதில் கண்ட பலன். (இப்படிச் சொல்வது சிலருக்கு வருத்தம் தரலாம்.)

யோசித்துக் கட்டிய பெட்டிக்கு யூனிசெஃப் நிறுவனத்தின் 'பெட்டிக்குள் பள்ளி' நல்ல எடுத்துக்காட்டு. பேரிடர்க் காலங்களில் ஓர் ஆசிரியரும் ஏறத்தாழ 40 மாணவர்களும் பாடம் நடத்தத் தேவையான பொருள்கள் அதில் இருக்கும். உடன் வரும் வண்ணத்தைப் பூசினால் பெட்டியின் மூடியே கரும்பலகையாகிவிடும். இடமிருந்து எழுதும் பிள்ளைக்கும் வலமிருந்து எழுதும் பிள்ளைக்கும் ஒன்றாகவே பயன்பட வேண்டும் என்பதற்காக அதன் குறிப்பேடுகளில் ஓரக்கோடு அச்சிடுவதில்லை. பெறுபவர் யார் என்று நினைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இது தோன்றும்.

சுண்ணக்கட்டி, பென்சில், குறிப்பேடு போன்ற தீர்ந்துபோகும் பொருள்களைக் கப்பலில் ஏற்ற வேண்டாம். சரக்குக் கட்டணத்துக்கும் சுங்கத்துக்கும் போகும் பணத்தில் பள்ளிக்கு அருகிலேயே வாங்கிவிடலாம். கடைக்காரருக்கும் வியாபாரம் ஆகும். கதைப் புத்தகங்களுக்கு 'ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்', பிரதம் புக்ஸ் நடத்தும் 'ஸ்டோரிவீவர்' ஆகிய தளங்களைப் பாருங்கள். பல மொழிகளில் திறந்த உரிமத்தில், அதாவது யாரும் அச்சிட்டுப் பகிரலாம் என்ற அனுமதியோடு, கதைகள் கிடைப்பதால், பள்ளியில் பேசப்படும் மொழியை ஆசிரியரிடம் கேட்டறிந்து, அங்குள்ள அச்சகத்திலேயே அச்சிட்டுக் கொடுக்கலாம்.