கையெழுத்தாகாத வக்காலத்து – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அப்பா காலமான பிறகு பாகப்பிரிவினை விஷயமாக, துணைக்கு மைத்துனரைக் கூட்டிக்கொண்டு, எங்கள் ஊர் வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் காட்டினேன். “கேஸ் போடலாம், வாரிசுச் சான்று வாங்கிட்டு வாங்க” என்றார். ஜிபேயில் 1,500 ரூபாய் அனுப்பினேன். அண்ணனோடு சமாதானப் பேச்சு நடந்ததால் அப்புறம் போகவில்லை; நகல்கள் அவரிடமே இருக்கின்றன. இப்போது அண்ணன் என்மேல் போட்ட வழக்கில் சம்மன் வந்திருக்கிறது. அண்ணனுக்கு வக்கீல் அவரேதான்! கேட்டால், “நீங்கதான் வக்காலத்தே போடலியே” என்கிறார். அன்று அவரிடம் நான் சொன்ன ஒரு விஷயம்... (இங்கே மூன்று வரிகளை நீக்கியிருக்கிறேன் – பதில் எழுதுபவர்.) இது முறையா?

– பெயர் வேண்டாம் என்ற வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த மூன்று வரிகள். வக்கீலிடம் சொன்ன ரகசியத்தை அப்படியே எனக்கும் எழுதிவிட்டீர்கள். நான் உங்கள் வக்கீல் இல்லை. சட்டம் தரும் காப்பு வக்கீல், அவருடைய குமாஸ்தா, ஊழியர், மொழிபெயர்ப்பாளர் என்ற வட்டத்தோடு நின்றுவிடுகிறது. துணைக்குக் கூட்டிப்போன மைத்துனர் அந்த வட்டத்தில் இல்லை. அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். இனி அதை யாருக்கும் எழுதாதீர்கள், குடும்ப வாட்ஸ்அப் குழு உட்பட.

வக்காலத்து என்பது உங்களுக்காக நீதிமன்றத்தில் நிற்க அவருக்குத் தரும் அதிகாரம், அவ்வளவுதான். கடமை அதற்கு முன்பே தொடங்கிவிடும். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகளின் ஆறாம் பாகத்தில் விதி 33-ஐப் பாருங்கள்: வழக்குத் தொடுப்பது பற்றி எப்போதாவது ஆலோசனை சொன்னவர், வழக்குரை எழுதியவர், ஒரு தரப்புக்காகச் செயல்பட்டவர், இவர்களில் யாரும் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது. மூன்றில் ஒன்று போதும். “கேஸ் போடலாம்” என்றாரே, அதுதான் ஆலோசனை. ஃபீஸ் முழுதாகத் தந்தீர்களா என்ற கேள்வியே இங்கு எழாது.

இதுவே, ஐந்து வருடம் முன்பு வாடகைத் தகராறுக்காக அவரைப் பார்த்திருந்தீர்கள் என்றால் பதில் வேறு. விதி 33 அந்த விவகாரத்தோடு முடிந்துவிடும். இன்று அண்ணனுக்கு ஆஜராக அது தடையாகாது. ஆனால் அன்று நீங்கள் சொன்னதை வெளியிட அப்போதும் அவருக்கு உரிமையில்லை. பாரதிய சாட்சிய அதினியம், 2023, பிரிவு 132 (பழைய சாட்சியச் சட்டத்தின் 126) அதைத் தடுக்கிறது. கட்சிக்காரர் (வக்கீலை நாடியவர்) வெளிப்படையாகச் சம்மதித்தால் ஒழிய வாய் திறக்கக் கூடாது. வேலை முடிந்த பிறகும் இந்தக் கட்டுப்பாடு தொடரும். விதிவிலக்கு, சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொன்னதற்கும், வேலையை ஏற்ற பிறகு நடந்த குற்றம் அல்லது மோசடி அவர் கண்ணில் பட்டதற்கும்தான். “போலிப் பத்திரம் செய்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்” என்பது ரகசியம். “இந்தப் போலிப் பத்திரத்தை வைத்துச் சொத்தை மீட்டுத் தாருங்கள்” என்பது ரகசியமல்ல. சட்டப் புத்தகத்திலேயே உள்ள உதாரணங்கள் இவை. கட்சிக்காரரைப் பற்றித் துருவ, இந்த விதிவிலக்குகளுக்குள் வந்தாலொழிய, போலீஸ் வக்கீலுக்குச் சம்மன் அனுப்ப முடியாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இனி செய்ய வேண்டியது. ஜிபே பதிவு, சந்திப்பு நேரம் குறித்த செய்திகள், நீங்கள் அனுப்பிய பத்திரப் படங்கள் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள். வக்காலத்து இல்லாத இடத்தில் இவைதான் உங்கள் சாட்சி. பிறகு, வழக்கிலிருந்து விலகும்படி அவருக்கு ஒப்புகை அட்டையுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள் (பழைய பதிவுத் தபால் இப்போது அதோடு சேர்ந்துவிட்டது). பலரும் சறுக்குவது இந்தக் கடிதத்தில்தான். “நான் இன்னின்னதைச் சொன்னேனே, அதை எப்படி நீங்கள்...” என்று கோபத்தில் எழுதி, காக்க வேண்டியதைத் தாங்களே அண்ணன் கையில் கொடுத்துவிடுவார்கள். தேதி, சொத்து, காட்டிய ஆவணங்கள், வழக்கு பற்றி ஆலோசனை தந்தது, இவை மட்டும் போதும். விதி 33-க்கு ரகசியம் கசிந்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை.

விலக மறுத்தால் அதே நீதிமன்றத்தில் உங்கள் புது வக்கீல் மூலம், அவரை விலக்கக் கோரி, உரிமையியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 151-ன் (நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம்) கீழ் மனு. இதைச் சம்மன் வந்த கையோடு செய்ய வேண்டும். ஊரில் உள்ள நல்ல வக்கீல்களிடமெல்லாம் ஆளுக்கு ஒரு கன்சல்டேஷன் ஃபீஸ் கட்டி, எதிராளிக்கு ஆள் கிடைக்காமல் செய்யும் சாமர்த்தியசாலிகளையும் நீதிபதிகள் பார்த்திருக்கிறார்கள். சாட்சி விசாரணை வரை சும்மா இருந்துவிட்டுப் பிறகு கிளப்பினால் உங்களையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். இன்னொன்று, இந்த மனு நிலுவையில் இருக்கிறதென்று எதிர்வழக்குரையை, அதாவது அண்ணன் வழக்குக்கு நீங்கள் தரும் எழுத்துப்பூர்வ பதிலை, தள்ளிப் போடாதீர்கள். சம்மன் கைக்கு வந்து 30 நாள். நீதிமன்றம் அனுமதித்தால் 90.

தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில், வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 35-ன் கீழ் புகார் செய்வது தனிப் பாதை. கண்டனம், சில காலத் தடை, பட்டியலிலிருந்து பெயர் நீக்கம், இவைதான் அங்கே கிடைக்கும். நஷ்டஈடு கிடைக்காது, அண்ணன் வழக்கும் நிற்காது. ஏறக்குறைய குற்ற வழக்குக்குரிய அளவு ஆதாரம் கேட்பார்கள். ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் புகார் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கு மாறும். அவசரம் உங்களுக்கு வழக்கில்தான். புகாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நகல்களையும் அதே கடிதத்தில், பட்டியல் போட்டுத் திருப்பிக் கேளுங்கள். ஃபீஸ் பாக்கி என்று அவர் பிடித்து வைக்க முடியாது, 2000-லேயே ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது.