விண்டோஸ் 11-இல் பழைய கண்ணாடி ஜன்னல்: எந்த கம்ப்யூட்டரில் போடலாம்?

கேள்வி: அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் டிடிபி, ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பல வருஷமாக விண்டோஸ் 7-தான். பாபநாசத்தில் எடுத்த தாமிரபரணி படத்தை வால்பேப்பராக வைத்து, ஜன்னல்களின் மேல்பட்டை வழியே ஆறு மங்கலாகத் தெரிவதைப் பார்த்தே பழகிவிட்டேன். மதர்போர்டு போனதால் இப்போது விண்டோஸ் 11 போட்ட செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்கியிருக்கிறேன். எல்லாம் வெள்ளையும் சாம்பலுமாக இருக்கிறது. தெரிந்த பையன் ஒருவன் ஏதோ தீம் பேக் போட்டான். ஸ்டார்ட் மெனுவே திறக்காமல் போய், மறுபடி விண்டோஸ் போட வேண்டியதாயிற்று. பழைய கண்ணாடியைக் கொண்டுவர வழி உண்டா? வீட்டில் மகள் படிக்கிற லேப்டாப்பும் விண்டோஸ் 11-தான். பேசாமல் விண்டோஸ் 7-க்கே திரும்பிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். திரும்ப வேண்டாம். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. குரோம் பிரவுசரும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. வாடிக்கையாளரின் ஆதார் நகலும் பென்டிரைவும் வந்து போகிற கடையில் அதை நெட்டோடு இணைத்து வைப்பது சரியில்லை.

கண்ணாடிக்கு வருவோம். கொண்டுவரலாம். ஆனால் எவ்வளவு தூரம் போகலாம் என்பது கடை மெஷினுக்கு வேறு, வீட்டு லேப்டாப்புக்கு வேறு. காரணம் புரிந்தால் இரண்டுக்கும் நீங்களே முடிவெடுத்துவிடுவீர்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை ஒவ்வொரு புரோகிராமும் தன் ஜன்னலை நேரடியாகத் திரையில் வரைந்தது. 2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இதை மாற்றியது. ஒவ்வொரு ஜன்னலும் தனித்தனியாக மெமரியில் வரையப்படும். டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர், சுருக்கமாக டிடபிள்யூஎம், என்ற புரோகிராம் கிராஃபிக்ஸ் சிப்பின் உதவியோடு அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திரைக்கு அனுப்பும். டிசைன் செய்ய நீங்கள் ஓட்டும் கோரல் டிராவில் லேயர் அடுக்குவது போலத்தான். எல்லா அடுக்கும் ஒரே கையில் இருப்பதால், பின்னால் இருப்பதை எடுத்து மங்கலாக்கி, கொஞ்சம் நிறம் ஏற்றி, மேல்பட்டையில் காட்ட முடிந்தது. ஏரோ கிளாஸ் என்று பெயர் வைத்த அந்தக் கண்ணாடி அவ்வளவுதான். (விண்டோஸ் 7-இலும் எல்லாருக்கும் இது கிடைக்கவில்லை. இந்தியா மாதிரி நாடுகளுக்கென்றே விற்ற ஹோம் பேசிக் பதிப்பில் கண்ணாடி கிடையாது. உங்களிடம் இருந்தது ஹோம் பிரீமியமோ அதற்கு மேலோ.)

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, கண்ணாடி மாதிரியும் உலோகம் மாதிரியும் பாவனை காட்டும் பாணி பழசாகிவிட்டது என்று மைக்ரோசாஃப்ட் முடிவு செய்து மங்கல் வேலையை எடுத்துவிட்டது. 2025-இல் ஆப்பிள் லிக்விட் கிளாஸ் என்று பெயர் வைத்து அதே கண்ணாடியைப் புதுசாகக் கொண்டுவந்தது வேறு கதை. விண்டோஸில் கண்ணாடி போனாலும் டிடபிள்யூஎம் போகவில்லை. இன்றும் உங்கள் மெஷினில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணாடி போடும் கருவிகள் எல்லாம் அதற்குள்தான் கை வைக்கின்றன. வசதியும் வம்பும் அங்கேயே இருக்கின்றன.

முதலில் விண்டோஸ் தானாகத் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள். செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், கலர்ஸ் போனால் டிரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸ் என்ற சுவிட்ச் இருக்கும். ஆன் செய்யுங்கள். மாற்றவே விடவில்லை என்றால் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை என்று அர்த்தம். செகண்ட் ஹேண்ட் மெஷின்களில் இது அடிக்கடி பார்க்கிறதுதான், வாங்கிய இடத்தில் கேளுங்கள். ஆன் செய்தும் ஒன்றும் மாறவில்லையா? டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரித்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று மட்டும் இருந்தால் சரியான கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை. விண்டோஸ் மறுபடி போட்ட மெஷின் என்கிறீர்கள், அதனால் இதைக் கட்டாயம் பாருங்கள். லேப்டாப்பில் எனர்ஜி சேவர் (பழைய பதிப்புகளில் பேட்டரி சேவர்) ஓடும்போதும் கண்ணாடி தானாக அணைந்துவிடும்.

இப்படி வருவதில் இரண்டு வகை உண்டு. அக்ரிலிக் என்பது பின்னால் இருப்பதை உண்மையாகவே மங்கலாக்கிக் காட்டும். ஸ்டார்ட் மெனு, ரைட் கிளிக் மெனு போன்ற இடங்களில் வரும். மைக்கா என்பது ஃபைல் எக்ஸ்ப்ளோரர், செட்டிங்ஸ் மாதிரி பெரிய ஜன்னல்களுக்கு. அது பின்னால் இருக்கும் ஜன்னலைப் பார்ப்பதே இல்லை. வால்பேப்பரின் நிறத்தை ஒரு தடவை எடுத்துப் பூசிக்கொள்ளும். மெஷினுக்குச் சுமை குறைவு, ஆனால் நீங்கள் தேடுகிற ஆறு அதில் தெரியாது. பச்சையோ நீலமோ ஒரு சாயல் தெரியும், அவ்வளவே.

அடுத்து டாஸ்க்பார். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே டிரான்ஸ்லூசென்ட் டிபி என்று இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவிவிட்டு கிளியர் அல்லது அக்ரிலிக் தேர்ந்தெடுத்தால் கீழ்ப்பட்டை கண்ணாடியாகிவிடும். பிடிக்கவில்லை என்றால் சாதாரண ஆப் மாதிரி நீக்கிவிடலாம். ஸ்டார்ட் மெனுவும் பழைய மாதிரி வேண்டுமென்றால் ஸ்டார்ட் ஆல் பேக் என்று ஒன்று இருக்கிறது, அதற்குக் காசு. கடை மெஷினுக்கு நான் சொல்வது டிரான்ஸ்லூசென்ட் டிபி வரைக்கும்தான்.

ஜன்னல் மேல்பட்டையில் நிஜமான கண்ணாடி வேண்டுமானால் டிடபிள்யூஎம் பிளர்கிளாஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில், அதை எழுதியவரின் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். யூடியூப் வீடியோவின் கீழே இருக்கிற குறுக்கு லிங்க்கில் எடுக்காதீர்கள். நாலு விளம்பரம் தாண்டிக் கையில் வருவது என்னவென்று யாருக்கும் தெரியாது. இது டிடபிள்யூஎம்முக்குள் தன் துண்டு ஒன்றைச் செருகி, மங்கலாக்கும் வேலையை மறுபடி செய்ய வைக்கிறது. உங்கள் விண்டோஸ் பதிப்பில் எந்த வேலை எந்த இடத்தில் நடக்கிறது என்று தெரிந்தால்தான் செருக முடியும். அதற்கான சிம்பல் ஃபைல்களை மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து இறக்கிக்கொள்ளும்.

சிக்கல் இங்கேதான். விண்டோஸின் மாதாந்திர அப்டேட் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வருகிறது. அமெரிக்காவில் அப்போது காலை, நமக்கு இரவு பத்தரைக்கு மேல். டிடபிள்யூஎம் சம்பந்தப்பட்ட ஃபைல் அதில் மாறியிருந்தால் பழைய சிம்பல் பொருந்தாது. கண்ணாடி சும்மா மறைந்துபோனால் தப்பித்தோம். சில சமயம் திரை விட்டு விட்டு மின்னும், கறுப்பாகும். ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்க ஆள் காத்திருக்கும்போது புதன்கிழமை காலை இதோடு மல்லுக்கட்டுவீர்களா? அதனால்தான் கடையில் வேண்டாம் என்கிறேன்.

வீட்டு லேப்டாப்பில் செய்யுங்கள், ஆனால் மகளுக்குப் பரீட்சை இல்லாத நேரமாக. அதற்கு முன் இரண்டு வேலை. ஸ்டார்ட்டில் ரெஸ்டோர் பாயின்ட் என்று தேடி, சிஸ்டம் புரொட்டெக்ஷன் அணைந்திருந்தால் ஆன் செய்து, ஒரு ரெஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். ஏதாவது கெட்டால் இந்த நிலைக்கே திரும்பிவிடலாம். அடுத்தது பிட்லாக்கர் ரெக்கவரி கீ. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஓடும் லேப்டாப்புகளில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸை அத்தியாவசியமானவற்றோடு மட்டும் ஓட்டும் சேஃப் மோடுக்குப் போகும் வழியில் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டால் முழிக்க வேண்டிவரும். கணக்கில் நுழைந்து பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அப்புறம், கருவியை சி டிரைவில் ஒரு ஃபோல்டரில் பிரித்து வைத்து ஓட்டுங்கள். முதலில் சிம்பல் ஃபைல்களை இறக்கச் சொல்லுங்கள், பிறகு இன்ஸ்டால். எஃபெக்ட்டில் ஏரோ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய முகம் வரும். இன்னொரு புரோகிராமுக்குள் செருகும் வேலை என்பதால் ஆன்டிவைரஸ் முறைக்கலாம். சரியான இடத்தில் எடுத்த ஃபைல்தானா என்று மறுபடி பார்க்காமல் அனுமதி கொடுக்காதீர்கள். அப்டேட்டுக்குப் பிறகு மின்னத் தொடங்கினால் சிம்பலை மறுபடி இறக்கிப் பாருங்கள். உங்கள் பதிப்புக்கு இன்னும் தயாராகவில்லை என்றால் அன்இன்ஸ்டால் அழுத்திவிட்டுச் சில நாள் பொறுங்கள். லாகின் செய்தபின் டெஸ்க்டாப்பே வரவில்லை என்றால் லாகின் திரையில் ஷிஃப்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக சேஃப் மோடுக்குள் போய் அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். அடுத்த தடவை கருவி எழும்பாது.

விண்டோஸ் 7 அளவுக்குக் கண்ணாடி தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் ஜன்னலைச் சுற்றி நாலு பக்கமும் தடித்த சட்டம் இருந்தது. இப்போது ஓரம் மயிரிழைதான், மேல்பட்டை மட்டும் மிச்சம். உள்பக்கமும் கண்ணாடியாக வேண்டும் என்றால் விண்ட்ஹாக் என்ற கருவியில் அதற்கான மாட் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு மாற்றம்) இருக்கிறது. எழுத்துக்குப் பின்னால் படம் தெரிந்தால் படிக்கிற கண்ணுக்குத்தான் கஷ்டம். எனக்கு அது பிடிப்பதில்லை.

அந்தப் பையன் போட்ட மாதிரி தீம் பேக்குகள் பக்கம் போகவே வேண்டாம். அவற்றில் பல, சிஸ்டம் ஃபைல்களையே மாற்றி நிறத்தையும் பட்டன் வடிவத்தையும் மட்டும் தருகிறவை. மங்கல் அவற்றால் வராது. லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா போட்டால் மங்கல் கூடவே வரும், யாருக்குள்ளும் எதையும் செருக வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு கோரல் டிரா வேண்டும், அது அங்கே நேரடியாக ஓடாது.

கோரல் டிரா என்றதும் இன்னொன்று. பத்திரிகையின் மஞ்சளும் குங்குமச் சிவப்பும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்போது சுற்றிலும் பச்சைச் சாயல் ஏறிய ஜன்னல்கள் இருந்தால் கண் ஏமாறும். நிறம் முடிவு செய்கிற நேரத்தில் கடை மெஷினில் டிரான்ஸ்பரன்சி சுவிட்சை அணைத்துவிட்டு, வால்பேப்பரையும் வெறும் சாம்பலுக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள்.