பத்தொன்பது வருஷ அனுபவமும் ஒரு டி.பார்ம் சான்றிதழும்

கேள்வி: பத்தொன்பது வருஷமாக ஒரே மெடிக்கலில் இருக்கிறேன். டாக்டரின் கிறுக்கலைப் பார்த்ததும் எந்த ரேக், எந்தத் தட்டு என்று கை தானாகப் போகும். போன மாதம் முதலாளி, டி.பார்ம் (மருந்தாளுநர் டிப்ளமா) முடித்த ஒரு பெண்ணைக் கவுன்டரில் நிறுத்திவிட்டு என்னை பில் போடவும் ஸ்டாக் பார்க்கவும் சொல்லிவிட்டார். நான் பத்தாவதுதான். இது நியாயமா?
- திண்டுக்கல் வாசகர்

பதில்: வருத்தம் புரிகிறது, ஆனால் உங்கள் முதலாளி இதை உங்களை வேலைக்கு எடுத்த அன்றே செய்திருக்க வேண்டும். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற பார்மசிஸ்டின் வேலை என்று 1948ஆம் வருஷத்து பார்மசி சட்டமே சொல்கிறது. பல கடைகளில் நடப்பது உங்களுக்கே தெரியும்: சான்றிதழ் சுவரில் தொங்கும், அதன் சொந்தக்காரர் எப்போதாவது வந்து பணம் வாங்கிக்கொண்டு போவார், மாத்திரை எடுத்துக் கொடுப்பது உங்களைப் போன்றவர்கள். ஏதாவது தப்பாகியிருந்தால் முதலில் மாட்டியிருப்பதும் நீங்கள்தான்.

அப்புறம், கவுன்டர் வேலையே மாறிவிட்டது. அட்டையைக் கத்தரித்துக் கவரில் போட்டால் முடிந்தது என்றில்லை. செபிக்சிம் (ஆன்டிபயாடிக்), அல்பிரசோலம் (பதற்றத்துக்கான மாத்திரை) மாதிரி ஹெச்1 பட்டியல் மருந்து, அதாவது கூடுதல் கட்டுப்பாடுள்ள சீட்டு மருந்து கொடுத்தால் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், எத்தனை மாத்திரை எல்லாம் தனி ரிஜிஸ்டரில் ஏற வேண்டும், அதை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்; 2014 மார்ச்சிலிருந்து இதுதான் விதி. எப்படிச் சாப்பிடுவது, ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது என்று நோயாளிக்கு விளக்குவதும் பார்மசிஸ்ட் கடமை என்று 2015 நடைமுறை விதிகளில் வந்துவிட்டது. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதினால் வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் ஒன்று என்று நினைத்துப் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதை எடுத்துக் கொடுக்க உங்களுக்குத் தெரியும், சரி, கொடுக்கும்போது இதைச் சொல்லியிருக்கிறீர்களா?

ஸ்டாக்கை மட்டமாக நினைக்காதீர்கள். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா, கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் என்ன ஆகிறது, எந்த பேட்ச் அடுத்த மாதம் எக்ஸ்பைரி, எதை இப்போதே ரிட்டர்ன் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் பழைய ஆள் கையில்தான் ஒழுங்காக நடக்கும். சம்பளம் குறைந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. குறைத்திருந்தால் அதற்குச் சண்டை போடுங்கள், கவுன்டருக்காக வேண்டாம். பத்தாவதை வைத்து தபாலிலேயே டி.பார்ம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் பணம் கொடுத்துவிடாதீர்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணக்கோ படித்திருக்க வேண்டும், நேரில் கல்லூரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: டி.பார்ம் முடித்து மெடிக்கலில் சேர்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் "அந்த அண்ணன் இல்லையா?" என்கிறார்கள். அண்ணனோ முகம் கொடுத்தே பேசுவதில்லை.
- தென்காசி வாசகி

பதில்: மேலே எழுதியவர் கடையோ என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன், ஊர் வேறு. டி.பார்முக்கான 500 மணி நேரப் பயிற்சியில் உங்களுக்குக் கிடைக்காதது அந்த அண்ணனிடம் இருக்கிறது: ஒரே மருந்து எத்தனை பிராண்ட் பெயரில் வருகிறது, எந்தத் தாத்தா சீட்டில்லாமல் வந்து நிற்பார் என்பதெல்லாம். கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் எடுத்துத் தரட்டும், ஆனால் பெயரையும் மில்லிகிராமையும் சீட்டோடு ஒப்பிட்டு, அட்டையில் எக்ஸ்பைரியும் பார்த்து நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஒன்று கேட்கிறேன்: மதியம் நீங்கள் சாப்பிடப் போகும் அரை மணி நேரம் சீட்டு மருந்தை யார் கொடுக்கிறார்? முதலாளியிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள், லைசென்ஸில் இருப்பது உங்கள் பெயர்.