பாலத்துக் கணக்கில் 50 ஏன் வராது?
வணக்கம். கணக்கின்படி, பாலம் வழியே பிறையிலிருந்து (பெருநிலப் பக்கம்) பினாங்குத் தீவுக்கு 12 கி.மீ.; மோட்டார் சைக்கிள் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போய் உடனே 40இல் திரும்புகிறது. (அ) முழுப் பயணத்துக்கும், (ஆ) முதல் 20 நிமிடத்துக்கும் சராசரித் திசைவேகம் என்ன என்பது கேள்வி. (அ) பகுதிக்கு இரண்டு வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கி 50 என்று போட்டிருக்கிறீர்கள். போக 12 நிமிடம், வர 18. மெதுவாக வரும்போதுதான் அதிக நேரம் ஓடுகிறது. அதனால் சராசரி வேகமே 24 ÷ 0.5 = 48தான். ஆனால் கேள்வி கேட்பது திசைவேகம், அதாவது மலாயில் ஹலாஜு. இடப்பெயர்ச்சியை (புறப்பட்ட இடத்திலிருந்து முடிந்த இடத்துக்கு உள்ள நேர்த் தூரம், திசையோடு) மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதே, விடை சுழியம்.

20ஆம் நிமிடம் வரை கேட்கும் (ஆ) பகுதிதான் கொஞ்சம் வில்லங்கம். சாலையை நேர்க்கோடாகவே வைத்துக்கொள்ளுங்கள். திரும்பிய 8 நிமிடத்தில் 40 × 8/60 = 5.33 கி.மீ. வந்திருக்கும். இடப்பெயர்ச்சி 12 − 5.33 = 6.67 கி.மீ. நேரம் 20/60 மணி, அதாவது 0.333; கால்குலேட்டரில் 0.20 என்று தட்டினால் 33 என்று தவறாக வந்து நிற்கும். சரியான விடை மணிக்கு 20 கி.மீ., தீவை நோக்கி. திசையையும் சேர்த்து எழுதுங்கள்.