பழைய சிமெண்டுத் தரையின் மேல் பிக்கல்பால் களம் அமைக்கலாமா?

பினாங்கு பாலிக் புலாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தனி வீட்டின் பக்கவாட்டில் 36 அடி அகலமும் 66 அடி நீளமும் கொண்ட இடம் உள்ளது. அதில் பல ஆண்டுகளுக்கு முன் போட்ட சிமெண்டுத் தரை இருக்கிறது. அதன் மேலேயே வண்ணம் பூசி, வலைக்கு இருபுறமும் நின்று மட்டையால் பிளாஸ்டிக் பந்தை அடித்தாடும் பிக்கல்பால் ஆட்டத்துக்கான களமாக்கிவிடலாம் என்கிறார் கட்டட வேலைக் குத்தகையாளர். அது சரிவருமா, இடம் போதுமா, அண்டை வீட்டாருக்குத் தொந்தரவாகுமா என்று வாசகர் கேட்கிறார்.

இடம் தாராளமாகப் போதும். ஆனால் தரையைச் சோதிக்காமல் வண்ணம் பூச ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிக்கல்பால் களத்தின் அளவு 20 அடிக்கு 44 அடி. பூப்பந்து இரட்டையர் களத்தின் அளவும் இதுவே. கோட்டுக்கு வெளியே ஓடி ஆட இடம் விட்டுக் கணக்கிட்டால் குறைந்தது 30க்கு 60 அடி வேண்டும். 34க்கு 64 அடி கிடைத்தால் பக்கங்களில் 7 அடியும் பின்னால் 10 அடியும் மிஞ்சும். உங்கள் நிலத்தில் இந்தப் பெரிய அளவே அடங்கும்; எஞ்சும் 2 அடி அகலத்தை நீர் வடிகாலுக்கு ஒதுக்கிவிடலாம். களத்தின் நீளவாக்கு வடக்கு தெற்காக அமைவது நல்லது. சூரியன் கிழக்குப் பக்கம் எழுந்து மேற்குப் பக்கம் மறைவதால், கிழக்கு மேற்காக அமைந்த களத்தில் மாலையில் ஆடுபவர்களில் ஒரு தரப்புக்குக் கண் கூசும். நிலத்தின் போக்கு அப்படித்தான் என்றால், மேற்கு முனையில் நிழல்வலை கட்டிச் சமாளிக்கலாம்.

இனி தரைக்கு வருவோம். நல்ல மழை பெய்து ஓய்ந்து ஒரு மணி நேரம் கழித்துத் தரை முழுவதும் நடந்து பாருங்கள். எங்கெல்லாம் நீர் தேங்கியிருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு நாணயத்தைப் படுக்க வைத்துப் பாருங்கள். நாணயம் நீரில் மூழ்கினால் அந்தப் பள்ளத்தை நிரப்பிச் சமன் செய்தாக வேண்டும். விரிசல்களைக் கையால் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசலை அடைத்துவிடலாம். ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்திருந்தால் அடிமண் இறங்கியிருக்கிறது என்று பொருள், அதன் மேல் எந்தப் பூச்சும் நிற்காது. அடுத்து, 18 அங்குலச் சதுரப் பிளாஸ்டிக் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர்த்துளிகள் படிந்திருந்தாலோ சிமெண்டு கருத்திருந்தாலோ, மண்ணின் ஈரம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அத்தகைய தரையில் பூசும் அக்ரிலிக் எனும் வண்ணப் பூச்சு கொப்புளமாக எழும்பி உரிந்துவிடும்.

அடிமண் இறங்கியிருந்தாலோ ஈரம் மேலேறினாலோ, தரையை உடைத்துப் புதிதாக வார்ப்பதுதான் என் பரிந்துரை. பணத்தைச் செலவிட வேண்டிய இடமும் அதுவே. இறுகத் தட்டிய கிரஷர் ரன் எனும் நொறுக்கிய கல்லும் கல்தூளும் கலந்த அடுக்கின் மேல் தடித்த பாலித்தீன் விரிப்பு, அதன் மேல் பி.ஆர்.சி. எனும் பற்றவைத்த எஃகுக் கம்பி வலையுடன் 5 அங்குலக் கான்கிரீட் என்ற வரிசையில் தளம் அமைய வேண்டும். 34க்கு 64 அடிக்கு ஏறக்குறைய 26 கன மீட்டர் கலவை பிடிக்கும் என்பதால், கலவை லாரி உங்கள் பாதையில் நுழையுமா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தளம் முழுவதும் ஒரே சாய்வாக, வீட்டை விட்டு விலகும் திசையில், 10 அடிக்கு 1 அங்குலம் இறங்க வேண்டும். 34 அடி அகலத்துக்கு இது ஏறத்தாழ மூன்றரை அங்குலம். ஆடும்போது அந்தச் சாய்வு தெரியாது. ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால் இந்தத் தளத்திலிருந்து மட்டும் சுமார் 10,000 லிட்டர் நீர் இறங்கும். 2017 நவம்பர் வெள்ளத்தைக் கண்ட பினாங்கில், அந்த நீர் அண்டை வீட்டுக்குள் போகாமல் கால்வாயைச் சேர வழி செய்வது உங்கள் பொறுப்பு.

கான்கிரீட்டின் மேற்பரப்பை வழுவழுப்பாகத் தேய்க்காமல் துடைப்பத்தால் இழுத்துச் சற்றுச் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள். ஈரச் சாக்கு போர்த்தி நீர் தெளித்து இறுகவிட்டு, 28 நாள்கள் முடிந்த பிறகே மணல் கலந்த அக்ரிலிக் பூச்சைத் தொடங்க வேண்டும். திறந்தவெளிக்கு எப்பாக்சி எனும் பிசின் பூச்சு வேண்டாம். வெயிலில் மஞ்சளாகிவிடும், நனைந்தால் வழுக்கும். பினாங்கில் மழை குறைந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் பூச்சு வேலைக்கு ஏற்றவை.

கோடுகள் 2 அங்குல அகலம். அளவுகளைக் கோட்டின் வெளிவிளிம்பு வரை எடுக்க வேண்டும். மூலைவிட்டம் இரண்டும் 48 அடி 4 அங்குலம் வந்தால் களம் கோணாமல் அமைந்திருக்கிறது. வலையின் உயரம் ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34.

அண்டை வீட்டாரைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. கடினமான மட்டையில் பிளாஸ்டிக் பந்து பட்டு எழும் ஒலி பெரும்பாலும் 1,000 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையிலான, காதுக்கு உறைக்கும் ஒலி. விட்டுவிட்டு வருவதால் இன்னும் எரிச்சலூட்டும். செடிவேலியும் கம்பிவேலியும் இதைத் தடுக்கமாட்டா. இடைவெளியில்லாத கனமான சுவரே தடுக்கும். அப்படி உயரச் சுவரோ கூரையோ எழுப்புவதென்றாலும், மண்ணை வெட்டி நிரப்புவதென்றாலும், பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தில் முன்கூட்டியே விசாரித்து அனுமதி பெறுங்கள்.

அதற்கெல்லாம் முன்பாக, இப்போதுள்ள தரையிலேயே சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, எடுத்து வைக்கக்கூடிய வலை ஒன்றை வாங்கி இரண்டு வாரம் ஆடிப் பாருங்கள். அண்டை வீட்டாரிடம் அவர்களுடைய படுக்கையறையில் எவ்வளவு கேட்கிறது என்று கேளுங்கள். அவர்கள் முகம் சுளித்தால், ஆட்ட நேரத்தையோ களத்தின் இடத்தையோ மாற்றிக்கொள்ளக் கான்கிரீட் வார்ப்பதற்கு முன்பு உங்களுக்கு அவகாசம் இருக்கும்.